ஒன்பதாவது திருகாணி

விசிறி மாற்றித் தரச் சொன்னார். மாற்றினேன்.
அதுவரை இரைந்துகொண்டாவது ஓடிய லேப்டாப்
இப்போது இரைச்சலும் இல்லை, ஓட்டமும் இல்லை.
பொத்தானை அமுக்கினால்
நீல விளக்கு ஒரு தடவை கண் திறக்கும்,
புது விசிறி இரண்டு சுற்றுச் சுற்றும்,
அவ்வளவுதான்.

ஒரு மணிக்கு வந்த கரண்ட் ஐந்துக்குப் போய்விடும்.
யாங்கோனில் வியாதியையும் மணி பார்த்துத்தான் பார்க்க வேண்டும்.
இதன் பேட்டரி செத்தது எந்த வருஷமோ,
பாங்காக்கிலிருந்து மூன்றாம் கையாக வந்த உடம்பு.

உரியவர் சந்தானலெட்சுமி.
பயின்நவுங் மொத்தச் சந்தையில் டோ சான் சான்.
உளுந்துத் தரகு.
எதிரே பிளாஸ்டிக் முக்காலியில்
கைப்பையை மடியில் நிறுத்தி உட்கார்ந்திருந்தார்,
ஆபரேஷன் அறைக்கு வெளியே போல.
"சென்னைக்குப் போன முந்நூத்திப் பன்னிரண்டு மூட்டை
உள்ளே இருக்கு தம்பி.
நேத்து வரும்போது நடந்துதானே வந்தது?"

நடந்துதான் வந்தது.

ரேமைக் கழற்றி, அதன் பொன் பற்களை
பென்சில் ரப்பரால் தேய்த்துச் செருகினேன். இல்லை.
காசளவு கடிகார பேட்டரியை நகத்தால் நெம்பி
பத்து நிமிஷம் பட்டினி போட்டேன். இல்லை.
ஹார்ட் டிஸ்க்கை உருவி மேஜையில் வைத்ததும்
அவர் கை தானாக நீண்டு அதன்மேல் படிந்தது.
எடுக்கவில்லை. வைத்திருந்தார்.
சார்ஜர் முனையில் மீட்டர் காட்டியது பத்தொன்பது வோல்ட்.
அதன்மேலும் குற்றமில்லை.
குற்றம் சொல்ல ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

மூன்றரைக்கு மதர்போர்டை முழுசாக எடுத்து
பழைய பேப்பரில் கிடத்தி அமுக்கினேன்.
ஓடியது.
கூட்டுக்குள் வைத்து மூடினேன். நின்றது.
வெளியே ஓட்டம், உள்ளே சவம்,
மூன்று முறை.
"வீடுதான் பிடிக்கல போல," என்றார்.
சிரிக்க வாய் வரவில்லை.
அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

அடிப்பக்கம் ஒன்பது குழி.
எட்டுக்கு நீளம், ஒன்றுக்குக் குட்டை.
நேற்றிரவு டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
குட்டையைத் தவறவிட்டு
டப்பாவிலிருந்து ஒரு நீளத்தை எடுத்து இறுக்கியவன் நான்.
மூன்று மில்லிமீட்டர் கூடுதல்.
போர்டின் வயிற்றைக் குத்திக்கொண்டிருந்தது.
பச்சையில் ஒரு வெள்ளிக் கீறல்.

பழைய லேப்டாப், அப்படித்தான் ஆகும்.
இந்தத் தெருவின் எல்லாக் கடையிலும் இருக்கிற வாக்கியம்,
என் நாக்கிலும் தயாராக இருந்தது.
திருகாணியை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
"நான் போட்டது. தப்பான இடம்."
தராசு பழகிய கை,
ஒரு கணம் எடை பார்த்தது.
"மூட்டை மூட்டையாக் குத்தூசி போட்டுப் பார்க்கிறவ நான்.
கொஞ்சம் ஆழமாப் போனா சாக்கு கிழியும்."
வேறொன்றும் சொல்லவில்லை.

நாலே முக்காலுக்குத் திரை வெளுத்தது.
தேதி மறந்து விழித்தது:
இரண்டாயிரத்து எட்டு, ஜனவரி ஒன்று.
அவர் குனிந்து படித்தார்.
"அப்போ நர்கீஸ் இன்னும் வரல்ல."
விரல் நுனி திரைக்கு ஒரு நூல் முன்னால் நின்றது.
"கிடங்குக்குக் கூரை இருக்கு."
கீழே தெருவில் யாரோ ரிக்‌ஷா மணி அடித்தார்கள்.
நான் எலியைத் தொடாமல் காத்திருந்தேன்.
"சரி, மாத்து.
அந்த வருஷத்து விலைக்கு உளுந்து வித்தா
நான் நடுத்தெருவுலதான்."

மாற்றினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டையும் எண்ணிப் பார்த்தார்,
இரண்டாவது தடவை எண்ணும்போது கரண்ட் போயிற்று.

விசிறிக்கு மட்டும் காசு தந்தார். கூலியை நான் கேட்கவில்லை.
ஒன்பதாவது குழி காலியாகவே போகிறது.
குட்டைத் திருகாணி இந்த அறையில்தான் எங்கோ கிடக்கிறது.
நாளை ஒரு மணிக்குத் தேட வேண்டும்.