மைனஸ் முப்பத்தொன்று

கோட்டுக்குள்ளே, ஸ்வெட்டருக்கும் உள்ளே
வயிற்றோடு அணைத்துக் கொண்டுவந்தேன்
அந்தப் பழைய கிராஃபிக்ஸ் கார்டை.
உலான்பாத்தரில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
ட்ராலி பஸ்ஸில் ஒருவர்
என் வயிற்றைப் பார்த்துவிட்டு
எழுந்து இடம் கொடுத்தார்.
நான் மறுக்கவில்லை.

விற்றவன் பெயர் ஒத்கொன்ச்சுலூன்.
நரான்துல் சந்தையில், பூட்ஸ் வரிசைக்குப் பின்னால்
இரும்புச் சரக்குப் பெட்டகம் ஒன்று, அதுதான் கடை.
காயின் மைனிங்கில் ஓடியதா என்று கேட்டேன்.
"ஓடுச்சு. ரெண்டு வருஷம், ராப்பகலா.
நானும்தான் ஓடினேன். சாகலையே."
அந்த உண்மைக்காகப் பத்தாயிரம் துக்ரிக் குறைக்கச் சொன்னேன்.
உண்மைக்கு அவ்வளவு விலையில்லை, ஐயாயிரம் குறைத்தான்.

கார்டுக்கு எட்டு முனை வேண்டும்.
என் பவர் சப்ளையில் ஆறுதான்.
யானை வாங்கியாச்சு, அங்குசம் எட்டாயிரம்.
பூட்ஸுக்கு அடி மாற்ற வைத்திருந்த பணம் அது.
ஏப்ரல் வரை செய்தித்தாள் தாங்கும்.

வீட்டில் எடுத்துப் பார்த்தால்
கார்டு முழுக்க வியர்த்திருந்தது.
அணைத்துக் கொண்டுவந்திருக்கக் கூடாதாம்.
பையில் கட்டி, கட்டியபடியே
அறையின் சூட்டுக்கு மெல்ல விட்டிருக்க வேண்டுமாம்.
இனி நாலு மணி நேரம் தொடக் கூடாது.

தொடவில்லை.
கேபினட்டைத் திறந்தேன்.
ஏழு குளிர்காலத்துக் கரிப்புகை,
சூரியகாந்தி விதைத் தோல் இரண்டு,
காணாமல் போனதென்று கைவிட்ட ஒற்றைத் தோடு.
பெயின்ட் பிரஷ்ஷால் தட்டத் தட்ட
மூக்கு கறுத்தது.
பிராசஸர் மேலிருந்த பேஸ்ட்
பிஸ்கட் மாதிரி உடைந்து வந்தது.
இத்தனை நாள் இந்தச் சூட்டிலா கணக்குப் போட்டாய்,
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அளந்தேன். கார்டு இரண்டு சென்டிமீட்டர் நீளம்.
கீழ்வீட்டு தம்தின்சுரேனிடம் ரம்பம் வாங்கி
ஹார்ட் டிஸ்க் கூண்டை அறுத்தேன்.
இரவு பதினொன்றுக்குத் தகரம் அறுபடும் சத்தத்தை
அவர் இரண்டு முறை சுவரில் தட்டிப் பாராட்டினார்.

சுவிட்ச்.
ஃபேன் மூன்றும் சுற்றின.
திரை கறுப்பு.
என் ஆயுளில் பத்து நிமிடம் போனது,
மானிட்டர் வயரைப்
பழைய துளையிலேயே செருகியிருக்கிறேன் என்று புரிய.

சும்யா ஏற்கெனவே களத்தில் இருந்தாள்.
தர்ஹானில் கிரேன் ஓட்டுகிறவள், எதற்கும் காத்திருக்க மாட்டாள்.
"வா, வா, வலப்பக்கம்" என்று கத்தினாள்.

நான் நின்றுவிட்டேன்.
நேற்றுவரை பச்சைச் சாயம் கொட்டியதுபோலிருந்த மேடு
இன்று புல்.
ஒவ்வொன்றும் தனித்தனியாக, அதனதன் பக்கம் சாய்ந்து.
என்ன புல் என்று குனிந்து பார்த்தேன்.
நான் அறிந்த எதுவுமில்லை,
எந்த ஆடும் தின்னாது.

"எங்கேடி நிக்கிறே?"

யாரோ சுட்டான்.
விழுந்தேன்.
தரையிலிருந்து பார்க்கையில்
இன்னும் நன்றாகத் தெரிந்தது.