பிளேட்டுக்குப் போட்ட பலகை

தெமட்டகொடை மரக்காலையில்
தேக்கின் விலையைக் கேட்டேன்,
பிறகு மாமரத்தின் விலையை.
இஸ்ஸதீன் நானா கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்,
வாயால் சொல்லக் கூச்சப்பட்டவர் போல.
"ஒரு மேசைதானே" என்றேன்.
"ஓம், ஒரு மேசைதான்" என்றார்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில்
பதினொரு மாடிக்கு ஒன்று எழும்புகிறது.
மாசியில் ஐந்தாம் பிளேட் போட்டார்கள்.
அன்றோடு என் ஜன்னலில் கடல் முடிந்தது.
பெரிய கடல் இல்லை.
இரண்டு தண்ணீர்த் தாங்கிகளுக்கு நடுவே
ஒரு சீப்பின் அகலம்.
ஒரு கப்பல் அதைக் கடப்பதற்குள்
ஒரு வரி மொழிபெயர்த்துவிடுவேன்.

அந்தக் கட்டடத்து ஸ்டோர்காரர் நவரட்ணராஜா
கழற்றிய பலகைகளை விறகுக்குக் கொடுக்க இருந்தார்.
அல்பீசியா. மரம் என்று சொல்லவே
தச்சர்கள் யோசிக்கும் மரம்.
ஆறு பலகை, ஐந்து ரெண்டுக்கு நாலு,
ஓட்டோக்கூலியோடு ஐயாயிரத்து இருநூறு.
ரெண்டுக்கு நாலு என்பது பேச்சுக்குத்தான்.
அளந்தால் ஒன்றேமுக்காலுக்கு மூன்றரை.
மீதியைத் தின்றது யார் என்று
எவரும் கேட்பதில்லை.

முதல் ஞாயிறு முழுக்க ஆணி பிடுங்கினேன்.
நாற்பத்து மூன்று. நாற்பத்து நான்காவதை
சீவுளி கண்டுபிடித்தது,
தன் அலகில் ஒரு பல்லைக் கொடுத்து.
மூலைமட்டம் இல்லை.
வர்த்தமானிக் கட்டு ஒன்றின் மூலையை வைத்துக்
கோடு கிழித்தேன்,
அரசாங்கம் செங்கோணமாய்த்தான் வெட்டியிருக்கும் என்று நம்பி.

கால்களில் ஒன்று குட்டை.
மற்ற மூன்றையும் அதற்கு இறக்கினேன்.
இப்போது வேறொன்று குட்டை.
இப்படியே போனால் தரையில் இருந்து எழுத வேண்டிவரும் என்று
வாளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.
கீழ்வீட்டு ஒகஸ்டின் மிஸ்
தும்புத்தடியால் முகட்டில் இடிப்பதை நிறுத்தினார்.

மண்கடதாசி மூன்று தாள்.
சீமெந்துப் பால் போகப்போக
மரத்தின் உள்ளிருந்து வெளிறிய சந்தனநிறம்.
ஓரிடத்தில் யாரோ தச்சன் பென்சிலால்
சிங்களத்தில் எழுதிய கூட்டல்.
நாள்கூலியாக இருக்கலாம்.
பதினொன்று வரவேண்டிய இடத்தில் பத்து.
அந்த இடத்தைத் தேய்க்காமல் விட்டேன்.

பிறகு ஒருநாள், பின்னேர வெயில் சரிந்து புகுந்தபோது,
எதிரே ஐந்தாம் பிளேட்டின் அடிவயிறு தெரிந்தது.
இன்னும் பூசவில்லை.
பலகைகளின் ரேகை முழுவதும் அதில் பதிந்திருந்தது.
ஈர சீமெந்து எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கிறது.
மூன்றாம் வரிசையில் மீன்கண் போல ஒரு கணு,
பக்கத்தில் வால் வைத்த ஒரு வெடிப்பு.
குனிந்து என் மேசையைப் பார்த்தேன்.
அதே கண்,
இடம் வலமாய்.

அடுத்த மாதம் பூச்சுக்காரர் வருவார்கள்.
அங்கே யாரோ மல்லாந்து படுத்து
வெள்ளை முகட்டைப் பார்ப்பார்கள்.
என் கோப்பையின் வளையம்
அவர்களுக்கு மேலே எங்கோ இருக்கும் என்று
சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இந்த மேசையில் செய்யும் முதல் வேலை
ஒழுங்கைக்காரர்கள் மாநகர சபைக்கு எழுதிய மனு.
தமிழில் இருந்து சிங்களத்துக்கு, காசில்லாமல்.
பந்தி மூன்று: எங்கள் காற்றும் வெளிச்சமும்.
கடலைப் பற்றி எவரும் எழுதவில்லை.
மொழிபெயர்ப்பாளர் சேர்க்கக் கூடாது.
முழங்கையில் ஒரு சிராய் ஏறியது,
பல்லால் எடுத்தேன்.

கையெழுத்து முப்பத்தொன்பது.
நாற்பதாம் கோட்டில் என் பெயரைப் போட
பேனையை எடுக்கப் போனேன்.
ஏழு பத்து, அளுத்கமை ரயில்.
கட்டில் நடுங்கி, கண்ணாடி நடுங்கி,
குட்டைக்கால் ஒருமுறை தட்டி,
பேனை மெதுவாக
மேற்கே உருண்டது.

விழ விட்டேன்.
சத்தம் கேட்டது.
பிறகு கட்டிலுக்குக் கீழே குனிந்து
தேடத் தொடங்கினேன்,
பேனையையோ, வாளையோ.