ஏழாம் கிரேனில் காற்று

ரத்தத்தில் பதினொன்று, என்றாள் நெல்லி அர்காதியெவ்னா.
முப்பதாவது இருக்க வேண்டுமாம்.
மீதி பத்தொன்பதும் எங்கே போயிற்று என்று கேட்டேன்.
ஜன்னலைக் காட்டினாள்.
காலை பதினொரு மணி மூர்மான்ஸ்கில்
தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நாற்பது நாள் இங்கே ஞாயிறு இல்லை.
ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் ஆறு
வரிசையாக வந்து
துணி துவைக்க வைத்துவிட்டுப் போகும்.

நாளுக்கு நாலு சொட்டு, கரண்டியில் விட்டு நக்கு, என்றாள்.
கோடை முழுக்க வெயிலில்தானே இருந்தேன், டாக்டர்?
உன் கிரேன் கூண்டு கண்ணாடி.
வெளிச்சத்தை விடும்,
வேண்டியதை வெளியிலேயே நிறுத்திவிடும்.
ஜூலையில் நீ உள்ளே வியர்த்தாயே,
அத்தனையும் வெட்டி வியர்வை.

ஜூலை ஞாபகம் வந்தது.
நள்ளிரவிலும் இறங்காமல்
எதிர்வீட்டுக் கூரை மேல் நிற்கிற சூரியனைத் தாங்காமல்
ஜன்னலெல்லாம் அலுமினியத் தாள் ஒட்டி
இருட்டை அடைகாத்தேன்.
கொட்டிக் கொடுத்தபோது கதவைச் சாத்தியவளுக்கு
இப்போது சொட்டுக் கணக்கு.
மருந்துக்குக்கூட வெயில் இல்லாத ஊரில்
வெயிலுக்கே மருந்து.

மழலையர் பள்ளியில் எங்களுக்கென்று ஒரு சூரியன் இருந்தது.
இரும்புக் காலில் நிற்கும் குவார்ட்ஸ் விளக்கு.
தரையில் சாக்குக்கட்டி வட்டம்.
ஜட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாய்ப் பதினாறு பேர்
சுற்றி நிற்போம், சுற்றத் தெரியாத கோள்கள்.
முதுகு என்றால் முதுகு. வயிறு என்றால் வயிறு.
இடி விழுந்த பிறகு வருகிற வாசனை அறை முழுக்க.
வென்யா ஒருநாள் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டான்.
கண்ணில் மணல் மணல் என்று இரண்டு நாள் அழுதான்.
என்னடா பார்த்தாய்?
ஊதா, என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை.

துறைமுகத் தெரு மருந்துக்கடையில்
சொட்டுப் புட்டியை எடுத்துத் தந்தவன் அவன்தான்.
தடித்த கண்ணாடி போட்டிருந்தான்.
என்னை அடையாளம் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.
சில்லறையை எண்ணி வைத்தான்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை,
பன்னிரண்டே முக்கால்.
கரி அள்ளிய வாளி அந்தரத்தில்.
இருபத்தெட்டு மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தேன்,
குன்றின் ஓரம் சிவந்தது.
பிறகு, வெட்டிப் போட்ட நகம் அளவுக்கு,
அது.

வெளிச்சம் வேறு வெயில் வேறு, எனக்குத் தெரியும்.
இத்தனை சாய்ந்து வருவதில் சத்தில்லை,
பனி உருகும்வரை தோலுக்கு ஒன்றும் தேறாது
என்று அவளே சொல்லியிருக்கிறாள்.
நெம்புகோலை விட்டேன்.
பக்கக் கண்ணாடியைத் தள்ளித் திறந்தேன்.
மைனஸ் பத்தொன்பது உள்ளே வந்து உட்கார்ந்தது.
கையுறைகளைக் கழற்றி
இரண்டு கைகளையும் வெளியே நீட்டினேன்,
தொண்ணூறுகளில் ரொட்டிக்கு நீட்டியது போல.

ரேடியோ கரகரத்தது. ஏழு, ஏன் நின்றாய்?
காற்று, என்றேன்.
காற்றா? இங்கே கொடி அசையவில்லையே.
மேலே காற்று.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு ஐந்தாம் கிரேனிலிருந்து ஃபைனா:
எனக்கும் காற்று.
மூன்றாம் கிரேன்: இங்கே பலமாகவே அடிக்கிறது.

மூன்று வாளிக் கரி
ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது
பதினோரு நிமிடம்.

ராத்திரி கரண்டி எடுத்து எண்ணினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நாலாவது விழ மனமில்லாமல்
புட்டி வாயிலேயே நின்றது. தட்டினேன்.
நக்கினால் எந்த ருசியும் இல்லை.
விரல்நுனிகள் இன்னும் எரிந்தன.
குளிர்தான்.
வேறொன்றும் இல்லை.