ஒன்று புள்ளி எட்டு வாட்

பகலில் சில்லர்களுக்கு வேலை பார்க்கிறேன்.
சால்மியாவில் ஒரு மால், அதன் மொட்டைமாடியில் ஆறு நிற்கின்றன.
ஒவ்வொன்றும் நானூறு கிலோவாட் குடிக்கும்,
குடித்துவிட்டு உறுமும்.
கீழே துணிக்கடையில், ஜூன் மாதத்தில்,
யாரோ ஸ்வெட்டர் விலை கேட்பார்கள்.

இரவில், ஜிலீப்பில், மேல்கட்டிலில்
என் உள்ளங்கையில் கிடப்பது
ஒன்று புள்ளி எட்டு வாட்.

அல்ராய் வெள்ளிச் சந்தையில் எடுத்தது.
கிளிக்கூண்டு, ஒற்றைச் செருப்பு, முள்ளில்லாத கடிகாரங்கள்,
நடுவே யாரோ கழித்துப்போட்ட டிவி பெட்டி.
"வேலை செய்யாது" என்றான் விற்றவன், நேர்மையாக.
நானூறு ஃபில்ஸ்.
அவன் சொன்ன வேலையை
நான் அதனிடம் கேட்கப்போவதில்லை.

மூடியைத் திறந்தால் பலகையின் ஓரத்தில்
பெயர் போடாத மூன்று துளை.
மூன்று கம்பி வைத்தேன்.
என் வாய் அதன் காதுக்கு,
அதன் வாய் என் காதுக்கு,
மூன்றாவது எர்த்:
இரண்டு பேரும் ஒரே தரையில் நின்று பேசுகிறோம் என்பதற்கு.

முதலில் உளறியது.
கட்டம், கேள்விக்குறி, கட்டம்.
வேகம் தப்பு. வேறு வேகம், அதுவும் தப்பு.
மூன்றாம் வெள்ளிக்கிழமை
திரை நிறைய ஓடிவந்தது கெர்னல்.
எனக்கு நான்கு கோர்,
எனக்கு ஒரு ஜிபி நினைவு,
எனக்குக் கடிகாரம் கிடையாது, ஆகவே இன்று
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று.
பிறகு, உள்ளே வருவது யார் என்று கேட்டுவிட்டு
கர்சர் மட்டும் துடித்தது.

"சினிமா ஓடுமா?" யாதகிரி கேட்டான்.
ஓடாது.
"கேம்?"
ஓடாது.
"அப்ப எதுக்கு?"
சொல்லத் தெரிந்திருந்தால்
ஓவர்டைம் போட்டிருப்பேன்.

சால்டரிங் அடுப்படியில், எக்ஸாஸ்டுக்குக் கீழே,
தில்பகதூரின் பருப்பு வேகும்வரை.
மாலில் பழைய கண்டென்சர் கழற்றிய அன்று
விரலளவு அலுமினியம் சட்டைப்பையில் வந்தது.
அரத்தில் தேய்த்து சிப்பின் தலையில் ஒட்டினேன்.
அறுபத்தெட்டு டிகிரி, ஐம்பத்தொன்று.
யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை.
இறங்கிப்போய் இரண்டு டீ குடித்தேன்.

ஒரு சென்சர் வைத்தேன்.
நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும்:
மணி, அறையின் சூடு.
அவ்வளவுதான் அதன் உத்தியோகம்.

ஜூலையில் ஒரு வெள்ளி, பன்னிரண்டு இருபதுக்கு
ஏரியா முழுதும் கரண்ட் போனது.
ஏசி ஒரு நீள மூச்சு விட்டு நின்றது.
ஜன்னலைத் திறந்தோம், மூடினோம்.
ஆறு பேர், ஆறு பனியன்,
பவர்பேங்கில் சாய்ந்துகொண்டு ஒரு பச்சைப் புள்ளி
எப்போதும்போல் கண்சிமிட்டியது.

"இப்ப எவ்வளவு?"
முப்பத்தாறு புள்ளி ஒன்று.
"இப்ப?"
முப்பத்தேழு.
நாற்பதைத் தொடும் என்றார் நைனா முகம்மது. தொடாது என்றான் மிக்கேல்.
தோற்றவர் அறைக்கே பெப்சி.
சினிமா ஓடாத பெட்டியைச் சுற்றி
ஒருவரும் நகரவில்லை.

அப்போதுதான் யாதகிரி கேட்டான், அவனுடைய பாதித் தமிழில்:
"நான் சொன்னா அதுல எழுதுமா?"
எழுதும்.
"ஏழாம் தேதி சம்பளம் சொன்னாங்க. இன்னைக்கு பத்தொன்பது."
முப்பத்தெட்டு புள்ளி இரண்டுக்குக் கீழே அதைச் சேர்த்தேன்.
மிக்கேல் தன் கடைவாய்ப் பல்லைச் சொன்னான்.
தில்பகதூர் நேபாளியில் ஏதோ ஒரு வரி சொன்னான்,
காதில் விழுந்தபடி தமிழெழுத்தில் அடித்தேன்.
திரும்ப வாசித்ததும் விழுந்து விழுந்து சிரித்தான்.
என்னவென்று இதுவரை சொல்லவில்லை.

மீட்டரைப் பார்த்தேன்.
சம்பளமும் பல்லும் ஏறிய பிறகும்
ஒன்று புள்ளி எட்டு.

முப்பத்தொன்பது புள்ளி எட்டில் கரண்ட் வந்துவிட்டது.
பெப்சி யார் வாங்குவது என்று
இன்னும் முடிவாகவில்லை.