ஐந்நூறில் ஒன்று

சென்ற அறுவடைவரை
சர்க்கரைக் கிழங்கு விளைந்த நிலம்
என் மேசைமேல் கிடக்கிறது.
ஒரு மீட்டர் இங்கே இரண்டு மில்லிமீட்டர்.
அறுப்பதும் ஒட்டுவதும் நான்.
திட்டம் ஃப்ரௌகெயுடையது.

வரிசை வீடுகளுக்கு லிண்டன் மரம்
ஐந்து மாடிக்கு வால்நட்
படியேற முடியாதவர்களின் வீடுகளுக்குத் தக்கை.
வாடகைக்கு எது, விலைக்கு எது என்று
தெருவில் நிற்பவனுக்குத் தெரியக்கூடாது என்றாள்;
ஒரே பலகையில் இரண்டையும் வெட்டினேன்.
கால்வாயில் ஆறு படகு வீடுகள்,
தீப்பெட்டி ஓரத்தில் செய்தவை.

நடுவில் ஒன்றுமில்லை.
இங்கே என்ன ஒட்ட?
ஒன்றும் ஒட்டாதே.
கீழே ஒன்பது மீட்டருக்குக் கரிச்சேறு,
தூண் இறக்கினால் காசுதான் இறங்கும்.
மேலே
ஆட்காட்டிகள்.

பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கூட்டம்,
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே மேசை.
நிலத்தை விற்ற ஹார்மென்
தன் கொட்டகை நின்ற இடத்தை விரலால் தேடினார்.
சைக்கிள் நிறுத்தம்.
விரலை எடுக்காமல் கொஞ்சநேரம் நின்றார்.

துணி எங்கே காயப்போடுவது என்றாள் யில்டௌ.
குறித்துக்கொண்டார்கள்.

டிசம்பரில் மூன்று மணிக்கு
வால்நட்டின் நிழல் எதுவரை போகும் என்றார் ஒருவர்.
யாரோ கைபேசி விளக்கைத் தாழ்வாகப் பிடித்து
சூரியன் ஆனார்கள்.
நிழல் தக்கை வீடுகளைத் தின்று
அப்பாலும் போனது.
அங்கேயே கத்தியை எடுத்து
ஒரு மாடியைச் சீவினேன்.

பேசப் பேச எல்லோரும்
நடுவில்தான் கை ஊன்றினார்கள்.
மூக்குக்கண்ணாடி, சாவிக்கொத்து,
பாதி கடித்த பிஸ்கட்.
வேறெங்கே வைப்பது,
மற்றதெல்லாம் கூரை.

நகராட்சிக் கணக்கர் வுப்போ எழுந்தார்:
தூணை நீளமாக்கினால்
இதில் பதினான்கு வீடு நிற்கும்,
சும்மாதானே கிடக்கிறது.
எவ்வளவு பெரிது என்று
இரண்டு கையாலும் காட்டுவதற்காக
காப்பிக் கோப்பையை
அந்தச் சும்மாவின்மேல் வைத்தார்.

தூக்கியபோது பழுப்பு வளையம்.
துடைத்தேன், அட்டைக்குள் இறங்கிவிட்டது.

தாமதமாக வந்த உறுப்பினர் குனிந்து பார்த்தார்.
இது என்ன?

ஃப்ரௌகெ என் பக்கம் திரும்பவே இல்லை.
குளம், என்றாள்.

நல்லது, என்றார் அவர். மழைநீருக்கும் ஆகும்.
வுப்போ வாயைத் திறந்தார்,
கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்,
உட்கார்ந்தார்.
குறிப்பேட்டில் ஏறியது:
குளம். ஆட்சேபணை இல்லை.

கோப்பையின் அடி ஏழு சென்டிமீட்டர்.
ஐந்நூறால் பெருக்கினால் முப்பத்தைந்து மீட்டர்.
மூன்றாம் வருடம் தோண்டினார்கள்,
அளவு பிசகாமல்.

இப்போது அந்த வழியாகத்தான் சைக்கிளில் போகிறேன்.
இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே
அனுமதி இல்லாத ஒரு கொடி,
அதில் யாருடையதோ படுக்கை விரிப்பு.

அன்றைக்கு வளையம்
ஓரிடத்தில் சேராமல் விட்டிருந்தது.
அங்கே கரை சரிந்து தண்ணீரைத் தொடுகிறது.
வாத்துகள் ஏறுவதும் இறங்குவதும்
அந்த இடைவெளியில்தான்.