ஜே பதினேழு

பன்னிரண்டு வெள்ளிக்கு ஒரு கோழி வாங்கலாம் என்றாள் புவனேசு.
வாங்கலாம். வாங்கவில்லை.
செம்பனை லாரிகள் திரும்பும் முச்சந்தியில்
அந்தக் கண்ணாடிக் கட்டடத்தை
மருந்துப் பம்பை மடியில் வைத்தபடி
ஆறு மாதம் பார்த்தாயிற்று.

வாசலில் ஒரு சரிவுப்பாதை, சக்கர நாற்காலிக்காம்.
படி இருந்தும் அதிலேயே ஏறினோம்.
எது வழியென்று முழங்காலுக்குத் தெரியும்.

வெளிச்சாப்பாடு உள்ளே கூடாது.
தூக்குச்சட்டியை வாங்கி வைத்துக்கொண்டு
எண் போட்ட வில்லை கொடுத்தான் சீனப் பையன்.
இருபத்திரண்டு.
தாலிக்கொடியை அடகு வைத்த அன்றுகூட
இத்தனை மரியாதையாய் எவரும் சீட்டு நீட்டவில்லை.

எனக்கு ஜே பதினேழு.
அமுக்கினால் இறங்குகிறது, எழுந்தால் தானே மூடிக்கொள்கிறது.
நாலு தரம் எழுந்து உட்கார்ந்தேன்.
பின்னால் யாரோ இருமினார்கள்.

மேடையில் அண்ணன் தம்பி வீட்டைப் பங்கு போட்டார்கள்.
ஏர்கோன் எலும்புவரை இறங்கியது.
இடைவேளை.

தண்டாஸில் ஒன்பது அறை,
ஒன்பதிலும் தாழ்ப்பாள்.
மரத்துக்குப் பின்னால் ஒருத்தி ஒதுங்கினால்
இன்னொருத்தி காவல் நிற்பாள், அதுதான் எங்கள் வழக்கம்.
இங்கேயும் என் கதவுக்கு முன்னால் நின்றாள் புவனேசு.
பிறகு, "நேரமாச்சு, வா" என்று போய்விட்டாள்.

சுவரில் ஒரு பெட்டி. கையை நீட்டினால் சுடுகாற்று.
நின்றது. மறுபடி நீட்டினேன்.
இருபத்தாறு வருஷம் களைக்கொல்லி ஊறிய விரலிடுக்கில்
யாரோ குனிந்து ஊதுகிற மாதிரி.
மணி அடித்தது கேட்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டார்கள்.
பிந்தி வந்தவர்கள் அடுத்த இடைவேளையில்தான் நுழையலாமாம்.
அடுத்த இடைவேளையே கிடையாது.

கூடத்துத் தூணில் ஒரு சின்னத் திரை
சத்தமில்லாமல் மேடையைக் காட்டிக்கொண்டிருந்தது.
வாளியும் மாப்புமாய் நின்ற இந்தோனேசியாக்காரி,
சட்டையில் சுமியாத்தி என்று பெயர்,
"டுடோக், காக்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
மூன்று நாளாய்ப் பார்க்கிறாளாம்.
இப்போ தம்பி பொய் சொல்வான்,
இப்போ அந்த அம்மா விழுந்துவிடுவாள் என்று
மலாயில் கதை ஓட்டினாள்.
தமிழ் ஒரு சொல் தெரியாது அவளுக்கு.

வில்லையைக் கொடுத்துச் சட்டியை மீட்டேன்.
ஆறிப்போன சோறு, நெத்திலிச் சம்பல்.
மூடியில் அவளுக்கு வைத்தேன்.
உள்ளே கைதட்டினார்கள்,
நாங்கள் விரல் நக்கிக்கொண்டிருந்தோம்.

மோட்டாரில் திரும்பும்போது
"தம்பி பாவம், கடைசிவரை உண்மையே பேசினான்" என்றாள் புவனேசு.
பொய் சொன்னான் என்றேன்.
நீ எங்கே பார்த்தாய் என்றாள்.
நானும் பன்னிரண்டு வெள்ளி கொடுத்தவள்தானே,
தோட்டத்துக் கேட் வரும்வரை
விட்டுக்கொடுக்கவில்லை.