எண்பத்தேழு சதவீதம்

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த தாளில்
பதிப்பு எண்ணின் கீழ்ப்பாதி உரிந்துபோயிருந்தது.
தலை மட்டும் மிச்சம்.
இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரே தலை.
டார்ச் அடித்து, கண்ணாடி மாட்டி, கழற்றி,
கடைசியில் இரண்டு என்று முடிவு செய்தேன்.
இரவு பதினொன்றரை மணிக்கு எடுக்கும் முடிவுகள்
வேறெப்படி இருக்கும்?

ரூசே நகரத்தில் அன்று நல்ல மூடுபனி.
டான்யூபுக்கு அக்கரை இல்லை, ருமேனியா இல்லை,
பாலத்தில் நிற்கும் லாரிகளின் ஹாரன் மட்டும்
யாரோ தூக்கத்தில் முனகுவதுபோல வந்தது.
பகலெல்லாம் அந்த லாரிகளுக்குத்தான் சீட்டு எழுதுகிறேன்.
வீட்டுக்கு வந்தால் இந்தப் பெட்டி:
பதினோரு வயது, ஒரு ஆன்டெனா ஒடிந்தது,
மற்றதில் பிளாஸ்திரி.

ஃபர்ம்வேர் ஏறியது. பத்து, நாற்பது, எழுபது.
எண்பத்தேழில் நின்றது.
'மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்' என்றது திரை.
துண்டிக்கவில்லை.
தேநீர் போட்டேன். குடித்தேன். கோப்பையைக் கழுவினேன்.
எண்பத்தேழு.
துண்டித்தேன்.

அதன் பிறகு ஒற்றை விளக்கு,
இமைக்கவில்லை, அணையவில்லை,
கேள்வி கேட்டால் கூரையைப் பார்க்கும்
அரசாங்க ஊழியர் மாதிரி.
(நானும் அரசாங்க ஊழியர்தான், எனக்குத் தெரியும்.)
குண்டூசியால் ரீசெட் துளையைக் குத்தினேன்,
முப்பது விநாடி, அறுபது, பிறகு கோபம் தீரும்வரை.

மணி பன்னிரண்டு நாற்பதுக்கு அழைப்பு மணி.
மேல்மாடி கிராசிமிர். காலில் செருப்பு, கையில் லேப்டாப்.
"உங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறதா, ரதோஸ்தினா?"
தலைக்கு மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
இருவரும் அதைப் பார்த்தோம்.
"மலாகாவில் இருக்கும் மகளோடு பேசிக்கொண்டிருந்தேன்,
பாதி வார்த்தையில்..."
அவரும் பாதி வார்த்தையில் நின்றார்.

உள்ளே வந்து மேசை மேல் கிடந்ததைப் பார்த்தார்.
தூக்கவில்லை, திருப்பவில்லை.
"இது மூன்றாம் பதிப்பு" என்றார்.
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
கேட்காதது அறைக்குள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு
எங்களோடு உட்கார்ந்தது.

சரியான கோப்பு அவரிடமே இருந்தது.
போன வருடமே இறக்கி வைத்தாராம்.
"ரொம்ப மெதுவாக இருந்தது. உங்களிடம் சொல்லலாம் என்றால்..."
காது மடல் சிவந்த மனிதரை
அவ்வளவு பக்கத்தில் பார்த்து வெகுநாளாயிற்று.

கேபிளை முதல் துளையில் செருகினார்.
லேப்டாப்புக்கு ஒரு பொய் விலாசம் கொடுத்தார்,
கடைசி எண் அறுபத்தாறு.
"எழுந்திருக்கும்போது இது ஒரே ஒரு முறை
அந்தக் கதவைத் தட்டும்.
அப்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்."
முதல் முறை நான் பொத்தானைச் சீக்கிரம் விட்டுவிட்டேன்.
இரண்டாம் முறை ஃபயர்வால் மறித்தது; கெட்ட வார்த்தை சொன்னார்,
மன்னிப்பும் கேட்டார்.
மூன்றாம் முறை அவர் எண்ண, நான் அழுத்திப் பிடித்திருக்க,
ஏழாவது எண்ணுக்கும் எட்டாவது எண்ணுக்கும் நடுவில்
கோப்பு போனது.

நான்கு விளக்குகள்.
ஒன்றின் பின் ஒன்றாக இல்லை, எல்லாம் ஒரே நேரத்தில்,
திருடனைப் பிடித்த வீடு மாதிரி.
இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று வாய்வரை வந்தது.
விழுங்கினேன்.

எல்லாம் அழிந்திருந்தது: பெயர், அமைப்பு, பழைய பாஸ்வேர்டு.
புதிதாக ஒன்று கேட்டது பெட்டி,
எட்டு எழுத்துக்குக் குறையாமல்.
கிராசிமிர் எழுந்து ஜன்னலுக்குப் போய்
எனக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.
வெளியே பார்க்க ஒன்றுமில்லை; இருந்தாலும் பார்த்தார்,
பல் மருத்துவரிடம் காத்திருப்பவர்போல.

நான் விசைப்பலகையை மடியில் வைத்துத்
தட்டத் தொடங்கினேன்.
மெதுவாக.
காது கேட்கும்படி.
ஒரே விசையை,
எட்டு முறை.